உள்விளிம்பில் வந்த கறுப்புச் சட்டை

1960 செப்டம்பர் 2ஆம் நாள் ரோம் ஒலிம்பிக்கில் நடந்த 800 மீட்டர் இறுதி ஓட்டத்தின் கறுப்பு வெள்ளைப் பதிவை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசி நேர்ப்பாதையில், அதுவரை முன்னால் ஓடிக்கொண்டிருந்த சுவிட்சர்லாந்து வீரர் கிறிஸ்தியன் வேக்லி தளர்கிறார். பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸ் அவரைக் கடந்து முதலிடத்துக்கு வருகிறார். ஐந்து ஆண்டுகளாக உலக சாதனையைத் தம் பெயரில் வைத்திருந்த மூன்ஸுக்கு, முடிவுக்கோடு கண்ணெதிரே தெரிந்த அந்தக் கணத்தில், பதக்கம் கைக்கு வந்துவிட்டதாகவே தோன்றியிருக்க வேண்டும். தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்க்கிறார். அங்கே அஞ்ச வேண்டியவர் எவரும் இல்லை. அஞ்ச வேண்டியவர் இடப்பக்கம், ஓடுதளத்தின் உள்விளிம்பை ஒட்டி, நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையில் வந்துகொண்டிருந்தார். மூன்ஸ் சற்றே வெளியே நகர்ந்து ஓடியதால் உள்ளே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி பிறந்திருந்தது. அந்த வழியில் நுழைந்த 21 வயது பீட்டர் ஸ்னெல் 1 நிமிடம் 46.3 விநாடியில் கோட்டைத் தொட்டார், மூன்ஸுக்கு 46.5.

இந்தப் பதிவின் மேல் எனக்கு இவ்வளவு பற்று ஏற்பட்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. கல்லூரி நாட்களில் நானும் 800 மீட்டர் ஓடியவன். பெயர் சொல்லிக்கொள்ளும்படியான ஓட்டக்காரன் அல்லன். ஆயினும் அந்தத் தூரத்தின் கொடுமையை உடம்பால் அறிந்தவன். முதல் சுற்று தானாக ஓடிவிடும். 600 மீட்டர் குறியைத் தாண்டியதும் தொடைகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் ஒரு கனம் இறங்கும். கை தனியாக, கால் தனியாக ஆடும். பின்னாலிருந்து வருபவர்களின் காலடி ஓசை பக்கத்தில் கேட்டு, முன்னால் போய்விடும். இதற்கு எங்களுக்குத் தரப்பட்ட மருந்து ஒன்றே ஒன்று: இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக, 200 மீட்டரையும் 400 மீட்டரையும் திரும்பத் திரும்ப ஓடுவது. அந்த மருந்தால் என் முதல் சுற்று விரைவானது. கடைசி 200 மீட்டர் அப்படியே இருந்தது. ஸ்னெல்லின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் கடைசி 200 மீட்டரை வேறோர் இடத்திலிருந்து தயாரிக்க முடியும் என்பது எனக்குப் புரிந்தது. அதைவிட வியப்பு, அது எப்படி நிகழ்ந்தது என்பதை ஸ்னெல்லும் ஓடிய காலத்தில் அறிந்திருக்கவில்லை. அதைக் கண்டறியத் தம் வாழ்வின் பின்பாதி முழுவதையும் செலவிட்டார் என்பது.

பீட்டர் ஸ்னெல் 1938 டிசம்பர் 17ஆம் நாள், நியூசிலாந்தின் வடக்குத் தீவில் தாராநாக்கிக் கடற்கரையில் உள்ள ஓபுனாகே என்னும் சிற்றூரில் பிறந்தார். (சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே டிசம்பர் 17இல் கென்யாவில் பிறந்தவர் டேவிட் ருடிஷா. சோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் 800 மீட்டரின் இரு பெரும் பெயர்கள் ஒரே நாளில் பிறந்திருப்பதைக் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை.) குடும்பம் பின்னர் வைக்காட்டோ பகுதியின் தே அரோஹாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் கிராமர் பள்ளியில் விடுதி மாணவராகப் படித்த காலத்தில் ரக்பி, கிரிக்கெட், டென்னிஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அவர் ஆடினார். டென்னிஸில் நாட்டின் இளையோர் போட்டிவரை சென்றார். ஓட்டம் அந்த வரிசையில் ஒன்றாக மட்டுமே இருந்தது. ஏறத்தாழ 19 வயதில், மற்றவற்றை ஒதுக்கிவிட்டு ஓட்டத்தில் முழுமையாக இறங்கலாம் என்று முடிவெடுத்தபோது அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

அந்த இடம் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு. ஆக்லாந்தின் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வருமானம் போதாமல் வீடு வீடாகப் பால் போட்டவர். பயிற்சியியலில் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். ரக்பி ஆடி, உடல் நல்ல கட்டுடன் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த அவர், ஒருநாள் நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடிவிட்டு மூச்சு வாங்கி நின்றபோது தம்மைப் பற்றிய அந்த நம்பிக்கையை இழந்தார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் தம் உடம்பையே சோதனைக் கூடமாக்கிக்கொண்டார்: ஒரு வாரம் மிகக் குறைவாக ஓடிப் பார்ப்பது, மறுவாரம் வரம்பு மீறி ஓடிப் பார்ப்பது, எது தாங்குகிறது, எது முறிக்கிறது என்று குறித்துக்கொள்வது. இப்படி அவர் வந்து சேர்ந்த எண் வாரத்துக்கு நூறு மைல். 1950இல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் (இன்றைய காமன்வெல்த் போட்டி) நாட்டுக்காக மாரத்தானும் ஓடினார்.

மாரத்தான் ஓடுபவர் வாரம் நூறு மைல் ஓடுவதில் வியப்பில்லை. லிடியார்டு செய்த விபரீதம், 800 மீட்டர் ஓடுபவரையும் அதே நூறு மைல் ஓட வைத்ததுதான். அந்தக் காலத்து அறிவுடையோர் பலரும் இதைக் கிறுக்குத்தனம் என்றே எண்ணியிருப்பார்கள். ஐரோப்பாவில் இன்டர்வெல் பயிற்சிதான் அப்போது வேதவாக்கு. சிறு தூரங்களை வேகமாக ஓடி, இடையில் சற்றே ஆறி, மீண்டும் ஓடும் முறை அது. லிடியார்டு அதை விலக்கவில்லை. கடைசிச் சில வாரங்களுக்குத் தள்ளிவைத்தார். முதலில் பல வாரங்கள் நெடுந்தூர ஓட்டம், அதன்பின் மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி, அதற்கும் பிறகே ஓடுதளமும் கடிகாரமும். கடிகாரத்தைக் கையில் எடுக்கும் முன் அடித்தளத்தைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஸ்னெல்லைப் பார்த்ததும், இந்த வேகத்தோடு தாங்குதிறனையும் சேர்த்துக்கொண்டால் நாட்டின் மிகச் சிறந்த நடுத்தொலைவு ஓட்டக்காரராகலாம் என்ற பொருளில் அவர் சொன்ன சொல்லே ஸ்னெல்லைக் கட்டிப்போட்டது.

ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடர் இருக்கிறது. அதன்மேல் ஏறி இறங்கும் 22 மைல் சாலைச் சுற்று ஒன்றுக்கு, வழியில் உள்ள ஊரின் பெயரால், வையாட்டாருவா என்று பெயர். லிடியார்டின் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். கிலோமீட்டரில் சொன்னால் 35க்கு மேல். வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு வந்து ஓடியவர்களுக்கு வார இறுதியில் கிடைத்த ஓய்வு இந்த மலைச் சுற்று. ஸ்னெல் முதன்முறை அந்தச் சுற்றை ஓடி முடித்தபோது நொறுங்கிப்போனார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக நீடிக்கும் ஒரு போட்டிக்காக, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மலையில் ஓடுவது எந்த வகை நியாயம் என்று அவர் கேட்டிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் அவர் அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார்.

நியாயம் ரோமில் தெரிந்தது. அந்த ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. முதல் சுற்றும் காலிறுதியும் ஒரே நாளில், மறுநாள் அரையிறுதி, அதற்கு மறுநாள் இறுதி. மூன்று நாட்களில் நான்கு ஓட்டங்கள். ஒரே ஓர் ஓட்டமாக இருந்திருந்தால் யார் வென்றிருப்பார் என்று சொல்ல முடியாது. லிடியார்டு பின்னாளில் இதைத்தான் வலியுறுத்தினார்: ஸ்னெல் அந்த இறுதியில் வேகத்தால் வெல்லவில்லை, மற்றவர்களின் வேகம் மூன்று நாளில் கரைந்துபோனது, இவருடையது கரையவில்லை. அந்தப் பதிவில் மூன்ஸ் திரும்பிப் பார்த்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், அது ஏதோ கவனக்குறைவு என்பதுபோல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்ஸ் இடப்பக்கம் பார்த்திருந்தாலும் அவர் காலில் மீதம் எதுவும் இருந்திருக்காது. ஸ்னெல்லின் தோள்களைப் பாருங்கள்: கடைசி இருபது மீட்டரில் மற்றவர்களின் தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன, அவருடையவை இறங்கியே இருக்கின்றன.

அன்று நிகழ்ந்தது அத்தோடு முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அதே ஓடுதளத்தில் 5000 மீட்டர் இறுதி தொடங்கியது. இளம்வயதில் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடக்கை செயலிழந்த முர்ரே ஹால்பெர்க், மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போதே கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு தனியே ஓடி, பின்னால் வந்தவர்கள் நெருங்கி வருவதற்குள் கோட்டைக் கடந்தார். அவரும் லிடியார்டின் மாணவர். சில நாட்கள் கழித்து, அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி வென்ற அந்தப் புகழ்பெற்ற மாரத்தானில் மூன்றாவதாக வந்த பாரி மகீயும் லிடியார்டின் மாணவர். ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில் வசித்து, ஒரே மலைச் சுற்றை ஓடிப் பழகியவர்கள், ஒரே ஒலிம்பிக்கில் 800 மீட்டர் முதல் மாரத்தான் வரை பதக்கம் வாங்கினார்கள். பிறவித் திறமை மட்டுமே காரணம் என்று சொல்வோருக்கு இதைவிடக் கடினமான கேள்வியை நான் அறியேன்.

ஆனால் என்னைக் கேட்டால், ஸ்னெல்லின் வாழ்க்கையில் உச்சம் ரோமும் அல்ல, பின்னால் வந்த டோக்கியோவும் அல்ல. 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரே வார இடைவெளியில் வந்த இரு மாலைகள்தாம். அதற்குச் சற்று முன்னால், 1961 டிசம்பரில், அவர் ஒரு முழு மாரத்தான் ஓடினார். 2 மணி 41 நிமிடத்தில் முடித்தார். 800 மீட்டரின் ஒலிம்பிக் சாம்பியன், பந்தயக் காலத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது 42 கிலோமீட்டர் ஓடுகிறார் என்றால் இன்றைய பயிற்சியாளர்களில் பலர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

1962 ஜனவரி 27, வாங்கனுய் நகரின் குக்ஸ் கார்டன்ஸ். இன்று நாம் காணும் செயற்கைத் தளம் அப்போது எங்கும் இல்லை. பெரிய நகரங்களில் நிலக்கரிச் சாம்பல் பரப்பிய தளம் இருந்தது. வாங்கனுயில் அதுவும் இல்லை, புல்தரைதான். சுற்றின் அளவுகூட வழக்கமான 440 கெஜம் அல்ல, 385 கெஜம். ஒரு மைலுக்கு நாலரைச் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாக ஓட வேண்டும். வளைவுகள் அதிகம், அவையும் கூர்மையானவை. நியூசிலாந்து மண்ணில் ஒருவர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்று கூடிய மக்களின் ஆசை. வெறுங்காலுடன் ஓடும் வழக்கமுடைய இங்கிலாந்தின் புரூஸ் டல்லோவும் களத்தில் இருந்தார். முக்கால் மைல் கடந்தபோது கடிகாரம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தைக் காட்டியது. அதே வேகத்தில் போனால் நான்கு நிமிடத்தை ஒட்டி முடியும், அவ்வளவுதான். ஆனால் ஸ்னெல் கடைசிக் கால் மைலை 55 விநாடிக்குள் ஓடினார். 3 நிமிடம் 54.4 விநாடி. ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் 1958இல் டப்ளினில் படைத்திருந்த உலக சாதனையைவிடப் பத்தில் ஒரு விநாடி குறைவு. உள்ளூர் ஆசைக்காகக் கூடியவர்கள் உலக சாதனையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி 3ஆம் நாள், கிறைஸ்ட்சர்ச்சின் லங்காஸ்டர் பார்க். மறுபடியும் புல்தரை. 880 கெஜ ஓட்டம், அதாவது அரை மைல், 800 மீட்டரைவிடச் சில மீட்டர் கூடுதல். வழியில் 800 மீட்டருக்கும் தனியாக நேரம் எடுத்தார்கள். 800 மீட்டர் 1 நிமிடம் 44.3 விநாடி, 880 கெஜம் 1 நிமிடம் 45.1 விநாடி. இரண்டும் உலக சாதனைகள். இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். மூன்ஸின் பழைய 800 மீட்டர் சாதனை 1:45.7. அதிலிருந்து 1.4 விநாடியை ஒரே ஓட்டத்தில் வெட்டியெடுத்திருக்கிறார். நடுத்தொலைவில் சாதனைகள் வழக்கமாகப் பத்தில் ஒன்று, இரண்டு என்றுதான் தேயும். இந்த 1:44.3 என்ற எண்ணை 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் செயற்கைத் தளத்தில் ஓடிய ஆஸ்திரேலியாவின் ரால்ஃப் டூபெல் தொட முடிந்ததே தவிர தாண்ட முடியவில்லை. 1973இல் இத்தாலியின் மார்செல்லோ ஃபியாஸ்கொனாரோ 1:43.7 ஓடும்வரை அதைவிட விரைவாக எவரும் ஓடவில்லை. நியூசிலாந்து நாட்டுச் சாதனையாக அது 60 ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. செயற்கைத் தளமும் நவீன முள்காலணியும் வந்த பின்னும், புல்லில் ஓடிய ஒருவரின் நேரத்தை அவர் நாட்டுப் பேரப்பிள்ளைகள் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் பெர்த்தில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 880 கெஜமும் மைலும் வென்றார். வென்றார் என்பதற்குமேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

டோக்கியோவைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. 1964இன் குளிர்காலத்தில் பத்து வாரம் தொடர்ந்து வாரம் நூறு மைல் ஓடிவிட்டு, தொடக்க விழாவில் நியூசிலாந்துக் கொடியைத் தாங்கி நடந்து, 800, 1500 இரண்டிலும் போட்டியிட்டார். எட்டு நாட்களில் ஆறு ஓட்டங்கள். 800 மீட்டர் இறுதியில் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் கூட்டத்துக்குள் அடைபட்டார். வழி தேடி முட்டி மோதாமல், பின்னுக்குத் தளர்ந்து, வெளியே வந்து, அனைவரையும் சுற்றிக்கொண்டு ஓடி, 1:45.1 என்ற ஒலிம்பிக் சாதனையுடன் வென்றார். வெளிப்புறமாக ஓடுபவர் சில மீட்டர்கள் கூடுதலாக ஓடுகிறார். அதைக் கொடுத்தும் வெல்லலாம் என்று தெரிந்தவரால்தான் அப்படிச் செய்ய முடியும். இரண்டாவதாக வந்தவர் கனடாவின் பில் குரோதர்ஸ். மூன்றாவது வில்சன் கிப்ருகுட். கென்யா ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கம் அந்த வெண்கலம். பின்னாளில் இந்தத் தூரத்தையே தன்னுடையதாக்கிக்கொண்ட ஒரு நாடு, ஸ்னெல்லுக்கு இரண்டு இடம் பின்னால்தான் மேடையேறியது.

1500 மீட்டர் இறுதியிலும் கடைசிச் சுற்றில் அடைபட்டார். இந்த முறை அவர் செய்தது எனக்கு இன்றும் புன்னகையை வரவழைக்கும் காரியம். வலக்கையை நீட்டி, வெளிப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஜான் வெட்டனிடம், பேருந்தில் இறங்க வழி கேட்பவரைப்போல, வழி கேட்டார். வெட்டனும் விலகிக் கொடுத்தார். ஒலிம்பிக் இறுதியின் கடைசிச் சுற்றில் நிகழ்ந்த மரியாதை அது. வெளியே வந்ததும் ஸ்னெல் புறப்பட்ட வேகத்தைப் பார்த்தபோது, வெட்டன் விலகாமல் இருந்திருந்தாலும் எப்படியாவது வந்திருப்பார் என்றே தோன்றுகிறது. 3:38.1, செக்கோஸ்லோவாக்கியாவின் யோசெப் ஒட்லோசில் ஒன்றரை விநாடி பின்னால், அவரை ஒட்டி மூன்றாவதாக நியூசிலாந்தின் ஜான் டேவிஸ். 1920இல் ஆன்ட்வெர்ப்பில் ஆல்பர்ட் ஹில் 800, 1500 இரண்டையும் வென்றபின் ஆண்களில் அதைச் செய்த முதல்வர் ஸ்னெல். அவருக்குப்பின் ஒலிம்பிக்கில் ஆண்கள் எவரும் செய்யவில்லை. கோ, ஓவெட், எல் கெரூஜ் என்று நடுத்தொலைவு ஓட்டத்தின் பெரியவர்கள் எத்தனையோ பேர் வந்துபோன பின்னும் நிலைமை அதுவே.

ஊர் திரும்பிய நவம்பர் மாதத்தில், ஆக்லாந்தில், 1000 மீட்டரை 2:16.6இலும், சில நாள் இடைவெளியில் மைலை 3:54.1இலும் ஓடி இரு உலக சாதனைகள் படைத்தார். அதன்பின் சரிவு விரைவாக வந்தது. 1965இல் மைல் சாதனையைப் பிரான்சின் மிஷெல் ஜாசி 3:53.6 ஓடித் தட்டிச் சென்றார். அமெரிக்காவில் நடந்த ஒரு மைல் ஓட்டத்தில், அப்போதுதான் பள்ளியை முடித்திருந்த 18 வயது ஜிம் ரையன் அவரை முந்தினார். ஸ்னெல் அதே ஆண்டு ஓய்வு பெற்றார். வயது 26. இன்றைய கணக்கில் நடுத்தொலைவு ஓட்டக்காரர் ஒருவர் பக்குவமடையும் வயது. அன்று ஓடியவர்களுக்கு அதில் பணம் இல்லை. வேலை, குடும்பம், வருங்காலம் எல்லாம் வெளியே காத்திருந்தன.

அடுத்த சில ஆண்டுகள் அவர் வாழ்க்கையின் மங்கலான பகுதி. சிகரெட் நிறுவனம் ஒன்றின் விளையாட்டு அறக்கட்டளையில் வேலை பார்த்தார். உலகின் மிகச் சிறந்த நுரையீரல்களில் ஒன்றைக் கொண்டிருந்தவர் சிகரெட் பணத்தில் இளைஞர்களுக்கு விளையாட்டைப் பரப்பினார் என்பதை இன்று படிக்கும்போது சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

முப்பது வயதைக் கடந்த பின், பெயரும் புகழும் இருந்த நாட்டை விட்டு, அவரை எவரும் அடையாளம் காணாத அமெரிக்காவுக்கு மாணவராகப் போனார். பள்ளிக் காலத்தில் படிப்பில் சிறந்தவராகக் கருதப்படாதவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளங்கலை முடித்தார். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்து, பணி ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், தம்மில் பாதி வயதுடையவர்களோடு வேதியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளைத்தான் நான் அவருடைய மிகத் துணிச்சலான ஓட்டம் என்பேன்.

அவரைக் குடைந்த கேள்வி எளியது. மலையில் மெதுவாக ஓடிய ஓட்டம், தளத்தில் வேகமாக ஓட எப்படி உதவியது? லிடியார்டுக்கு இதற்கு ஒரு விடை இருந்தது: நெடுந்தூர ஓட்டம் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் பலப்படுத்துகிறது என்பது. அது சரிதான், ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், இரண்டு மணி நேரம் எதற்கு, முக்கால் மணி நேரம் போதாதா? ஸ்னெல் தசைக்குள் போய்ப் பார்த்தார். நம் தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் விரைவாகச் சுருங்கும் இழைகளும் கலந்து கிடக்கின்றன. நிதானமாக ஓடும்போது உடல் மெதுவான இழைகளையே பெரும்பாலும் வேலைக்கு எடுக்கிறது. விரைவான இழைகள், அவசரத்துக்கு அழைத்தால் வருகிறேன் என்று படுத்துக்கிடக்கின்றன. ஓட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி என்று நீளும்போது மெதுவான இழைகளில் எரிபொருளாகச் சேமித்திருந்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து தீர்ந்துகொண்டே வருகிறது. அவை சோர, ஓட்டத்தின் வேகம் கூடாமலேயே, உடல் விரைவான இழைகளையும் எழுப்பி வேலை வாங்க வேண்டியதாகிறது. அப்படி எழுப்பப்பட்டவை, வேறு வழியின்றி, பிராணவாயுவைப் பயன்படுத்தி நெடுநேரம் உழைக்கக் கற்றுக்கொள்கின்றன. முக்கால் மணி நேர ஓட்டத்தில் அவை எழுவதற்கே வாய்ப்புக் குறைவு. வையாட்டாருவாவின் கடைசி ஐந்து மைலில்தான் அவற்றுக்குப் பாடம் தொடங்கியது.

800 மீட்டரின் 600ஆவது மீட்டரில் ஈயம் இறங்குவது அந்த விரைவான இழைகளில்தான். பிராணவாயு போதாமல் உழைத்து, அமிலம் பெருகி, அவை முடங்குகின்றன. அவற்றுக்கே தாங்குதிறன் கற்பித்துவிட்டால் முடக்கம் பிந்துகிறது. நான் என் மாணவப் பருவத்தில் ஓடிய அத்தனை 200 மீட்டர்களும் விரைவான இழைகளை இன்னும் விரைவாக்கினவே தவிர, அவற்றுக்கு நெடுநேரம் நிற்கக் கற்றுத் தரவில்லை. ஸ்னெல்லின் இந்த விளக்கத்தை முதலில் படித்த அன்று, என்னைப் பின்னுக்குத் தள்ளிப் போன பழைய காலடி ஓசைகளை எல்லாம் ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.

இதை எல்லாருக்குமான சூத்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரம் நூறு மைல் என்பதைப் பிடித்துக்கொண்டு கால் எலும்பை விரிசலாக்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் ஏராளம். ஸ்னெல் அகன்ற தோளும் கனத்த தொடையும் கொண்டவர், நடுத்தொலைவு ஓட்டக்காரருக்குரிய ஒல்லி உடம்பு அவருக்கு இல்லை. அந்த உடம்பில் வேகம் பிறவியிலேயே இருந்தது, லிடியார்டு அதைப் படைக்கவில்லை, கடைசிக் கோடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். லிடியார்டின் முறை 1960களின் பிற்பகுதியில் அவரோடு பின்லாந்துக்குப் பயணம் செய்தது. 1972 மியூனிக்கில் 1500, 5000, 10,000 மூன்றிலும் பின்லாந்து தங்கம் வாங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. பூங்காக்களில் காலையில் மெல்லோட்டம் ஓடும் நடுத்தர வயதினரும் ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டவர்களே. 1962இல் நியூசிலாந்துக்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், அங்கே வயதானவர்கள் தம்மைவிட எளிதாக ஓடுவதைக் கண்டு வெட்கி, அந்த வழக்கத்தைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்.

ஸ்னெல்லுக்கு 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்து, நூற்றாண்டின் சிறந்த விளையாட்டு வீரர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. பின்னர் சர் பட்டமும் வந்தது. ஓபுனாகேயிலும் குக்ஸ் கார்டன்ஸிலும் சிலைகள் எழுந்தன. அவரோ டல்லாஸிலேயே இருந்துகொண்டு, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக் காட்டில் வழி கண்டு ஓடும் ஓரியன்டியரிங் விளையாட்டில் இறங்கி, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் அமெரிக்கச் சாம்பியனானார். 2019 டிசம்பர் 12ஆம் நாள், 81ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது, டல்லாஸில் தம் வீட்டில் காலமானார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017இல், மூத்தோருக்கான உலக விளையாட்டுப் போட்டி ஆக்லாந்தில் நடந்தது. வைட்டாக்கரே மலை தொடுவானில் தெரியும் அதே நகரம். 78 வயது ஸ்னெல் அதில் பங்கேற்பதற்காக டல்லாஸிலிருந்து வந்திருந்தார். ஓட்டப் பந்தயத்துக்கு அல்ல, மேசைப்பந்துக்கு.